பிரெஞ்சுத் தட்டும் மூன்றாவது களிசானும்

எனக்குப் பிரெஞ்சு தெரியும். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து, என் விடையைப் பார்த்து எழுதி, என்னோடு சேர்ந்தே பெயிலானவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். இவன் எங்கே போய்ப் பிரெஞ்சு பிடித்தான் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

மொத்தம் பதினொரு வசனம். எல்லாமே லீவுக்கு எங்கே போகிறீர்கள், எதில் போகிறீர்கள், என்ன கொண்டு போவீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்பதைப் பற்றியவை. பசிக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்று சொல்லத் தெரியாது. என்னைப் பாரிஸ் நகரத்தில் இறக்கிவிட்டால், எதிரில் வருகிறவனின் விடுமுறைத் திட்டத்தை ஒன்றுவிடாமல் விசாரித்துவிட்டுப் பட்டினியில் செத்துப்போவேன். இத்தனைக்கும் வாழ்க்கையில் ஒருநாள்கூட நான் லீவு என்று எங்கும் போனதில்லை. கடைக்காரனுக்கு ஏது லீவு.

அந்தப் பதினொரு வசனத்தில் கடைசி வசனம் ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதில் எனக்குத் தெரியாது. அதைக் கேட்ட அதிர்ச்சியும் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நீங்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்குக் கொஞ்சம் முன்பின்னாக, உங்கள் தெருவிலிருந்தோ தோட்டத்து லயத்திலிருந்தோ யாராவது சாமான் மூட்டை கட்டி ரயில் ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டுப் பெரியவர்கள் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று நம்மைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. அம்மாவின் ஒரே அண்ணனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, இந்தியாக் கடுதாசி வந்தது. மாமா, அத்தை, மாமா மகள் மூவரும் போக வேண்டும். போனால் திரும்பி வர முடியாது. இது கடைவீதி முழுக்கத் தெரியும். எனக்கும் மாமா மகளுக்கும் மட்டும் தெரியாது. எங்களிடம் லீவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். இதை உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன் போதும்.

அப்பாவுக்கு மாத்தளைக் கடைவீதியில் புடவைக்கடை. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பெண்கள் உள்ளே நின்றால் மூன்றாவது பெண் சேலையைத் தெருவில் நின்றுதான் விரித்துப் பார்க்க வேண்டும். கடை வாசலில் மாமாவின் தையல் மெஷின். துணி அப்பாவிடம், தையல் மாமாவிடம். வந்தவர்கள் வேறு கடைக்குத் தப்பிக்க வழியில்லை.

மேலே ஒரு தோட்டத்துத் துரை இங்கிலாந்துக்குப் போகிறார், பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டு அப்பா போனார். கடைக்கு ஒரு கண்ணாடி அலுமாரி எடுப்பதுதான் திட்டம். அன்று பின்னேரம் பஸ்ஸிலிருந்து மடியில் ஒரு கிராமபோன் பெட்டியோடு இறங்கினார். கூடவே மூன்று இசைத்தட்டு. பக்திப் பாட்டுப் போட்டால் வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் வரும் என்பது அவர் கணக்கு. தட்டில் என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்தீர்களா என்று அம்மா கேட்டாள். துரை வீட்டில் நின்று அதைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்ததாம்.

மூன்றில் இரண்டு பஸ் குலுக்கலிலேயே உடைந்திருந்தன. மிஞ்சிய ஒன்றை அம்மா முந்தானையால் துடைத்தாள். புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் செய்கிறபடி பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். மாமா சாவி கொடுத்தார். நாங்கள் எல்லாரும் கைகூப்பி நின்றோம். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமிவிட்டு, "பொன்ழூர்" என்றது.

கும்பிட்ட கைகள் அப்படியே நின்றன. அந்தக் குரல் ஏதோ கேட்டது. ஒரு பெண் குரல் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தது. அம்மா அவசரமாகக் கற்பூரத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பொறுங்க மச்சான், இது முன்னுரை," என்றார் மாமா. "பாட்டு இனிமேதான் வரும்."

பொறுத்தோம். தட்டைத் திருப்பிப் போட்டும் பொறுத்தோம். இருட்டும்வரை முன்னுரைதான் வந்தது.

தட்டு உறைக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. மாமா மகள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், பத்து வயது புத்திசாலி. புத்தகத்தை அங்கே கொண்டுபோய் ஒரு வயதான சிஸ்டரிடம் காட்டினாள். அது பிரெஞ்சு, புதிதாகப் படிக்கிறவர்களுக்கான பாடம், லீவுக்குப் போவதைப் பற்றிய பேச்சு என்று சிஸ்டர் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்லிக்கொடுத்தார். மாமா மகள் அதைப் பென்சிலால் தமிழில் எழுதி வந்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் பங்களாக் கறையான் தின்றிருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமாவின் மெஷினுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துச் சாவி கொடுப்போம். "ஊ அலே வூ ஆன் வகான்ஸ்?" லீவுக்கு எங்கே போகிறீர்கள்? "ஓ போர் து லா மேர்." கடலோரம். எதில் போகிறீர்கள்? ரயிலில். என்ன கொண்டுபோவீர்கள்? ஒரு தொப்பி, ஒரு குளியல் உடுப்பு, ஒரு கேமரா. எத்தனை நாள் தங்குவீர்கள்? "கேன்ஸ் ழூர்." பதினைந்து நாள். ஆண் கேட்பான், பெண் சொல்வாள். நான் ஆண், மாமா மகள் பெண் என்று தொடங்கினோம். என் உச்சரிப்பைக் கேட்டு இரண்டு நாளில் அவளே இரண்டு ஆளாகவும் பேசத் தொடங்கினாள். எனக்கு மிஞ்சியது சாவி கொடுக்கும் வேலை.

கடைசியில் ஆண் கேட்பான்: "கான் ரவ்னே வூ?" எப்போது திரும்பி வருவீர்கள்? அந்த இடத்தில் தட்டில் ஆழமாக ஒரு கீறல். பெண் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஊசி துள்ளிப் பின்னால் விழுந்துவிடும். கான் ரவ்னே வூ. கான் ரவ்னே வூ. நாங்கள் ஊசியைத் தூக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பான். புத்தகத்தில் அந்தப் பதில் கறையானின் வயிற்றில். தட்டில் அது கீறலுக்கு அப்பால். துரையம்மா ஊருக்குப் போகிற ஆசையில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் கெடுத்திருப்பாள் என்று மாமா சொல்வார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குளிக்கவும் போகிற மனிதர். ஆட்களை முகத்தால் அல்ல, அளவால் ஞாபகம் வைத்திருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தைப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வளருகிற பிள்ளைக்கு அளவாகத் தைப்பது தாய் தகப்பனுக்குச் செய்கிற அநியாயம் என்பார். ஆகவே களிசானின், அதாவது கால்சட்டையின், கீழே உள்பக்கமாக மடித்து வைத்துத் தைப்பார். ஒரு வருஷத்துக்கு ஒரு விரல். இரண்டு விரல் மடிப்பு என்றால் இரண்டு வருஷத்துக்குப் புதுக் களிசான் வேண்டாம். வருஷம் பிறந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு விரல் அவிழ்த்து விடுவார், காசு வாங்க மாட்டார். மாத்தளையில் பாதிப் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று களிசானின் அடியில் நிறம் மங்கிய கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தட்டு நாள்தோறும் பாடியதில் கடைவீதிக்கே பிரெஞ்சு தொற்றியது. பக்கத்துப் பலசரக்குக் கடை முஸ்லிம் நானா முதலில் பெட்டியின் வாயை மூடச் சொல்லி அப்பாவிடம் சண்டைக்கு வந்தார். அடுத்த வாரம் அவரே தெருவில் போகிறவர்களை மறித்து, "ஊ அலே வூ?" என்று கேட்கத் தொடங்கினார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவனும், பின்கட்டுக்குச் சொம்போடு போகிறவனும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஓ போர் து லா மேர்." லக்கலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு சிங்களக் கண்டக்டர் இருந்தார். கடலையே பார்த்திராத சனத்தை ஏற்றிக்கொண்டு, கடலோரம் கடலோரம் என்று பிரெஞ்சில் கூவிக்கொண்டு புறப்படுவார். சொல்லும்போதுகூட எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் நடந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வேனில் வந்து இறங்கினார்கள். ஏதோ மலை ஏறி இறங்கியதில் கணவனின் கால்சட்டை பின்பக்கம் கிழிந்திருந்தது. மாமா தைத்துக் கொடுக்கும்வரை அவர் அப்பா கொடுத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு கடைக்குள் நின்றார். கிடைத்தான் பிரெஞ்சுக்காரன் என்று நான் எதிரில் போய் நின்றேன். முழுத் தட்டையும் ஒப்பித்தேன். ஆண் குரல், பெண் குரல், பெண்ணின் சிரிப்பு, தொடக்கத்தில் வருகிற கரகர, கடைசியில் ஊசி துள்ளுகிற இடம், எல்லாவற்றையும். கரகரவும் பிரெஞ்சுதான் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பிறகு அந்த அம்மா ஏதோ சொன்னாள். அது தட்டில் இல்லாத வசனம். ஆகவே அது பிரெஞ்சாக இருக்க முடியாது, இவர்கள் வேறு நாட்டுக்காரர்கள் என்று முடிவு செய்தேன். மாமா மகள் ஒரு வாரம் என்னோடு தெருவில் நடந்து வரவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மாமா வீட்டார் லீவுக்கு இந்தியாவுக்குப் போகிறார்கள் என்ற செய்தி எங்கள் காதுக்கு வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. படித்த பாடம் எல்லாம் அவளுக்குப் பலிக்கிறது. ரயில், கடல், கப்பல். எனக்குப் பக்கத்து வஹகோட்டைக் கோயில் திருவிழாகூடக் கிடையாது.

மாமாவின் முன்னால் போய் நின்று தட்டுக்காரனைப் போலக் கைகட்டிக்கொண்டு தமிழில் விசாரித்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். கடலோரம் என்றார். எதில்? ரயிலில். என்ன கொண்டுபோவீர்கள்? ஒரு தொப்பி என்றார், தலையில் துணியை வைத்துக் காட்டினார். எத்தனை நாள் என்று கேட்டபோது மெஷினின் மிதி நின்றது. பிறகு, "பதினைஞ்சு நாள்," என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். தட்டில் இருக்கிறபடியே ஒருவருக்கு லீவு அமையுமா?

நாள்தோறும் பக்கத்தில் பாடிய தட்டு. பதில்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்களை ஏமாற்ற ஒரு பொய் தேவைப்பட்டபோது, எங்கள் பாடத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். இது எனக்கு உறைக்க முப்பது வருஷம் பிடித்தது.

"எப்ப திரும்பி வருவீங்க மாமா?" என்றேன் கடைசியாக.

"அதுக்குத் தட்டுலயே பதில் இல்லையேடா மருமகனே," என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அடுத்த நாள் அப்பாவிடம் போனேன். கஜக்கோலால் யாருக்கோ பாவாடைத் துணி அளந்துகொண்டிருந்தார். நாங்களும் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தேன். அவர் கேட்காததுபோல் அளந்தார். எனக்கு ஆத்திரம். மாமா எழுதிப் போட்டுத்தான் கிடைத்தது என்று கடையில் யாரோ பேசியது காதில் விழுந்திருந்தது.

"மாமா கெட்டிக்காரர். எழுதிப் போட்டு வாங்கிட்டார்," என்றேன். "உங்களுக்கு எழுதிப் போடத் தெரியலை."

அறை விழுந்தது. என் அப்பா கையை ஓங்கிக்கூடப் பார்த்திராதவன் நான். கன்னத்தைவிட அவர் முகத்தைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன். ஒரு கையில் கஜக்கோலோடு, அடித்த மற்றக் கையைப் பார்த்தபடி நின்றார். துணி வாங்க வந்த பெண் துணி வாங்காமலே போனாள். மாமா மெஷினிலிருந்து எழுந்து வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். "சின்னப்பய மச்சான், அவனுக்கு என்னா தெரியும்," என்றார். அப்பா மாமாவைப் பார்க்கவே இல்லை.

என்ன தெரியாது என்பதை அம்மா எனக்குப் பிற்காலத்தில் சொன்னாள். மாமாவின் கையில் சரியான பிறப்புப் பத்திரம் இல்லை. இலங்கைக்கு மனுப் போட்டு, அது தள்ளுபடியானால் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தார். அப்பாதான் வழி சொன்னாராம். இந்தியாவுக்கு எழுதிப் போட்டு வையுங்கள் மச்சான், கியூவில் லட்சக்கணக்கான ஆட்கள் நிற்கிறார்கள், உங்கள் முறை வர இருபது வருஷமாகும், அதுவரைக்கும் உங்களை ஒருவரும் அசைக்க முடியாது என்று. இங்கே நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக அங்கே போகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. நம் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. கடைவீதியில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். அப்பாதான் படிவத்தை நிரப்பினார், மாமா கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வருஷமே கடுதாசி வந்துவிட்டது.

எழுதிப் போடத் தெரியவில்லை என்று நான் அவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

புறப்படுகிற வாரம் வந்தது. மாமாவின் தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டுச் சாக்கில் சுற்றினார்கள். பாடத்தில் தொப்பி, குளியல் உடுப்பு, கேமரா என்றுதானே இருக்கிறது, பதினைந்து நாளைக்கு மெஷின் எதற்கு என்று நான் கேட்டேன். மெஷினுக்கும் லீவு வேண்டாமா என்றார் மாமா. அம்மிக்கல்லும் சாக்குக்குள் போனது. மாமா மகள் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதே சந்தேகம். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. வருகிற மூளை இருந்தால் நான் ஏன் கரகரவைப் பிரெஞ்சு என்று ஒப்பிக்கிறேன்.

போவதற்கு முந்தின ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமா வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நானாவும் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, பேசாமல் இருந்தார்கள். யாரும் பேசாமல் இருந்தால் அந்த நாளிலேயே எனக்குக் கை பரபரக்கும். சிரிக்க வைக்கலாம் என்று உள்ளே போனேன். ஏதாவது வேஷம் கட்ட வேண்டும். அம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், பழைய தாளில் சுற்றி மூன்று களிசான்கள் இருந்தன. புதுத்துணி வாசம், மெஷின் எண்ணெய் வாசம். ஒன்று நீலம், என் அளவைவிடக் கொஞ்சம் பெரிது. அடுத்ததும் நீலம், அதைவிடப் பெரிது. மூன்றாவது வெள்ளை, நீளக் களிசான். பெரிய வகுப்பு அண்ணன்மார் போடுவது.

யாருடையது என்று யோசிக்கவே இல்லை. வெள்ளையைக் காலில் மாட்டினேன். இடுப்பில் இரண்டு நான் நுழையலாம். கால்கள் தரையில் இழுபட்டன. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அப்பாவின் குடையை மற்றக் கையில் தடியாக ஊன்றிக்கொண்டு, கூடத்துக்கு வந்தேன். கடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட பெட்டிக்குச் சாவி கொடுத்துத் தட்டைப் போட்டேன். தட்டுக்காரத் துரை நான்தான் என்று ஒரு வளையம் நடந்து காட்டினேன். பொன்ழூர்.

நானா சிரித்தார். அத்தைகூடச் சிரித்தாள். பிறகு அம்மா என் காலைப் பார்த்தாள். சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்துகொண்டு வந்தது. நான் இன்னும் வேகமாக நடந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். தட்டு தன் போக்கில் கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருந்தது. கடலோரம். ரயிலில். பதினைந்து நாள்.

மாமா மகள் எழுந்து வந்தாள். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, களிசானின் கால் மடிப்பைப் பிரட்டினாள். தையல்காரர் மகள். உள்பக்கம் விரலை வைத்து அளந்தாள். ஒரு விரல், இரண்டு, மூன்று, நான்கு.

"இது பெரிய வகுப்புக் களிசான்," என்றாள். "அதுக்கு மேல நாலு விரல் மடிச்சிருக்கு."

அவள் என்னிடம் சொல்லவில்லை. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் நீங்கதானேப்பா இவனுக்குத் தைப்பீங்க? இத்தனை வருஷத்துக்கு ஏன் இப்பவே தைச்சீங்க?"

தட்டு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. கான் ரவ்னே வூ. கான் ரவ்னே வூ. அவளுக்கும் எனக்கும் அர்த்தம் தெரியும். பெட்டிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த மாமாவுக்கும் தெரியும். ஊசியைத் தூக்குவது என் வேலை. இடுப்பைப் பிடித்த கையை விட்டால் களிசான் விழுந்துவிடும், மற்றக் கையில் குடை. நான் அசையவில்லை. யாருமே அசையவில்லை. அந்த ஆள் அதே மரியாதையோடு, அதே குரலில், எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

நானாதான் அர்த்தம் தெரியாமல், "என்ன கேக்குறான் மகள்?" என்றார்.

"எப்ப திரும்பி வருவீங்கன்னு கேக்குறான்," என்றாள் மாமா மகள்.

அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை முந்தானையால் தடுக்க முடியவில்லை. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "என் புத்தி," என்றார். "என் புத்திதான் மச்சான்." மாமா அவர் முதுகில் கையை வைத்தார். சாவி தீர்ந்துகொண்டு வந்தது. குரல் மெதுவானது, தடித்தது, ஒரு கிழவனின் குரலானது, பிறகு மாட்டின் முனகல்போல ஆகி, கேள்வியை முடிக்காமலே நின்றுபோனது.

நான் அந்தக் களிசானைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். பதினைந்து நாளுக்குப் போகிறவர் பத்து வருஷத்துக்குத் தைத்து வைத்திருக்கிறார். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒரு கூடம் நிறைந்த ஆட்களை அழவைத்தது அன்றைக்குத்தான். அதுவும் துரை வேஷத்தில்.

நம் ஸ்டேஷனோடு ரயில் பாதை முடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். வருகிற கோச்சி மேலே போக வழியில்லாமல் வந்த வழியே திரும்பியாக வேண்டும். திரும்பி வருகிற உத்தரவாதம் அன்றைக்கு அந்த இஞ்சினுக்கு மட்டும் இருந்தது. மேடை முழுக்க மூட்டையும் அழுகையும். நானா ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தினமும் காலையில் மாமாவைக் கண்டதும் "ஊ அலே வூ?" என்று கேட்கிற மனிதர். மாமா நின்று காத்திருந்தார். நானா கேட்கவில்லை. "அல்லாட காவல் அண்ணே," என்று மட்டும் சொல்லிப் பெட்டியைக் கையில் வைத்தார்.

அம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டதை நான் கேட்கவில்லை. அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, வழக்கமாக எல்லாரையும் அளப்பதுபோல, ஒருமுறை அம்மாவின் தோளிலிருந்து கைவரை அளந்தார். எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை.

மாமா மகளிடம் சொல்ல ஒரு பகிடி தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அவள் சன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அவளுக்கும் அப்பனின் கண்தான்.

"ஒழுங்கா வளருடா," என்றாள். "எங்கப்பா அளவைப் பொய்யாக்கிடாத."

அடுத்த வாரம் அப்பா கிராமபோன் பெட்டியையும் தட்டையும் பழைய போத்தல் வாங்குகிறவனிடம் கொடுத்துவிட்டார். புத்தகம் மாமா மகளோடு கடல் தாண்டிப் போயிருந்தது. லக்கலை பஸ் கண்டக்டர் சில நாள் கடலோரம் என்று கூவிப் பார்த்தார். கடைவீதியில் யாரும் பதில் சொல்லாததால் அவரும் விட்டுவிட்டார்.

திருச்சிப் பக்கத்திலிருந்து மாமாவின் கடிதங்கள் வரும். அங்கும் யாரோ ஒருவரின் கடை வாசலில் மெஷின் போட்டிருந்தார். ஊர்க் கதை, உடம்புக் கதை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் எனக்கென்று ஒரு வரி இருக்கும். முதல் களிசான் சரியாக வந்ததா? வந்தது. இரண்டாவது? அதுவும் வந்தது, விரல் கணக்குத் தப்பவில்லை. பெரிய வகுப்புக்குப் போன வருஷம் மூன்றாவதைப் போட்டேன். நின்றதும் குதிக்காலைத் தொட்டது, கச்சிதம். இனி வருஷத்துக்கு ஒரு விரல் அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி.

அதோடு நான் நின்றுவிட்டேன். வளர்த்தி அவ்வளவுதான். உங்களுக்கே தெரியும், வகுப்புப் படத்தில் நான் எப்போதும் முன்வரிசை. மாமா வாழ்க்கையில் தவறாக எடுத்த ஒரே அளவு நான்தான். என் முழங்காலையும் தோளையும் பார்த்து, இவன் ஓங்கி வளர்வான் என்று கணக்குப் போட்டு, அவசரத்தில் ஆசையையும் சேர்த்து மடித்துத் தைத்துவிட்டார்.

கடிதம் வந்தது. ஒரு விரல் அவிழ்த்தாச்சா என்று கேட்டிருந்தார். அவிழ்த்தாச்சு மாமா, சரியாக இருக்கிறது என்று எழுதினேன். அடுத்த வருஷம் இரண்டாவது விரல் என்று எழுதினேன். பிறகு மூன்று. அவர் பதினைந்து நாள் என்று சொன்னதற்கும் இதற்கும் சரியாகப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காவது விரலையும் அவிழ்த்துவிட்டதாக எழுதிய கடிதத்துக்கு மாமாவிடமிருந்து நீண்ட பதில் வந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாத்தளையில் என் மருமகன் ஆறடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதே தாளின் ஓரத்தில் மாமா மகள் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: "எப்பவாவது வர்றதா இருந்தா குதிக்கால் உயர்ந்த செருப்பாப் பார்த்துப் போட்டுக்கிட்டு வா."

நான் போகவில்லை. கடை, பாஸ்போட், காசு என்று காரணங்கள் இருந்தன. உண்மைக் காரணம் என் உயரம். மாமா கண் மூடும்வரை நான் அங்கே ஆறடியாகவே இருந்தேன்.

அந்த வெள்ளைக் களிசான் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. முழங்கால் இரண்டும் பழுத்து மஞ்சளாகிவிட்டன, இடுப்புப் பொத்தான் இல்லை. கால் மடிப்பைப் பிரட்டிப் பார்த்தால் நாலு விரல் துணி, வெயில் படாமல், தோய்த்த மங்கல் தெரியாமல், அந்த வாரம் மெஷினிலிருந்து இறங்கிய வெள்ளையாகவே இருக்கிறது. போன கிழமை என் பேரன் அதைக் கண்டுவிட்டு, கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, பிரித்து விடவா தாத்தா என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். பிரித்தால் மாமாவுக்குத் தெரிந்துவிடும்.